குறைமாதக் குழந்தையைக் காட்டிக்கொடுக்கும் பாத அளவு

பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் எடை குறைந்த குழந்தை; 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் கணக்கு இது. முதலாவதை அறியத் தராசு வேண்டும். இரண்டாவதை அறியத் தாய்க்கு நாள் கணக்கு சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் அல்லது கருவுற்ற ஆரம்ப மாதங்களிலேயே ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதெல்லாம் எளிதில் கிடைக்கிறது. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் வீட்டிலேயே நடக்கும் பிரசவங்களில் பெரும்பாலும் இரண்டுமே இருப்பதில்லை. அங்கே சுகாதாரப் பணியாளர்களுக்குக் கைகொடுப்பது அளவு நாடாவும் அடிக்கோலும்தான்.

இவற்றில் மிக எளியது பாத அளவு. குதிகாலின் பின்புறத்திலிருந்து பெருவிரல் நுனி வரை அளந்தால் போதும். துணியைக் கழற்றிக் குழந்தையைக் குளிரில் விட வேண்டியதில்லை. தான்சானியாவில் நடந்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாதம் 8 சென்டிமீட்டருக்குக் குறைவு என்ற ஒரே அளவுகோல், எடை குறைந்த அல்லது குறைமாதக் குழந்தைகளில் 100க்கு 87 பேரைக் கண்டுபிடித்தது. பாதம் 7 சென்டிமீட்டருக்கும் குறைவு என்றால் 1.5 கிலோகூட இல்லாத மிகச் சிறிய குழந்தையாக இருக்கலாம்.

குறையும் உண்டு. நல்ல நிலையில் பிறந்த குழந்தைகளிலும் 100க்கு 40 பேரை அந்த 8 சென்டிமீட்டர் அளவு ‘சிறியது’ என்று காட்டிவிட்டது. ஆனாலும் நல்ல குழந்தையைக் கூடுதலாகக் கவனிப்பதால் நட்டமில்லை. சிறிய குழந்தையைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

மார்புச் சுற்றளவு இன்னொரு வழி. நாடாவை முலைக்காம்பு மட்டத்தில் சுற்றி அளக்க வேண்டும். 1993இல் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் கூட்டாய்வு, 29 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அதிக ஆபத்து, 29 முதல் 30 வரை கவனம் தேவை என்று பிரித்தது. கையின் மேற்புறச் சுற்றளவையும் சிலர் பயன்படுத்துகின்றனர். தலைச் சுற்றளவை மட்டும் நம்ப முடியாது. பிரசவத்தின்போது தலை நசுங்கி நீண்டிருக்கும். தவிர, வயிற்றில் சரியாக வளராத குழந்தைக்கும் உடம்பு மெலிந்து, தலை மட்டும் ஏறக்குறைய சாதாரண அளவில் இருப்பதுண்டு.

இந்த அளவுகள் எதுவும், குழந்தை சிறியதாகப் பிறந்ததா, சீக்கிரம் பிறந்ததா என்று பிரித்துச் சொல்வதில்லை. 35 வாரத்தில் பிறந்த குழந்தை 2.6 கிலோ இருக்கலாம். பார்வைக்குக் குறையே தெரியாது. பால் உறிஞ்சும் தெம்பும் உடல்சூட்டைக் காக்கும் திறனும்தான் குறைவாக இருக்கும். உள்ளங்கால் ரேகைகள் குறைவு, காது மடல் மடக்கினால் நிமிர மறுப்பது போன்ற அடையாளங்களைப் பயிற்சி பெற்ற தாதியர் பார்த்துச் சொல்வார்கள்.

அளந்து வைப்பதோடு விட்டால் பயனில்லை. சிறிய குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோலாக அணைத்து வைக்க வேண்டும். கங்காரு பராமரிப்பு எனப்படும் இம்முறை 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. பிறந்தவுடனேயே அதைத் தொடங்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. தாய்ப்பாலை அடிக்கடி, தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். உறிஞ்ச முடியாவிட்டால் பீய்ச்சிக் கிண்ணத்தில் ஊட்டலாம். பிறந்தவுடன் குளிப்பாட்டும் நம் வீட்டு வழக்கம் 24 மணி நேரமாவது தள்ளிப்போகட்டும். உரை மருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

இங்கே மருத்துவமனை போகும் வழியில் காரிலோ வீட்டிலோ பிரசவமாகிவிட்டால், அளந்து பார்த்துக்கொண்டிருக்காமல் குழந்தையைத் துடைத்து, தாயின் நெஞ்சில் வைத்துப் போர்த்தி, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய சிறிய குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, கால் மட்டுமின்றி வயிறும் சில்லிட்டிருந்தாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உள்ளங்கை வரை மஞ்சள் படர்ந்தாலோ மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.