அக்ரி முடிச்சாச்சு... எம்.எஸ்சி. போகலாமா? ஃபார்ம் போடும் முன் இதைப் படிங்க!

பி.எஸ்சி. அக்ரி கடைசி செமஸ்டர். கிராமத் தங்கல் பயிற்சியெல்லாம் முடிச்சு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கியாச்சு. ஊருக்குப் போனால் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி, ‘அடுத்து என்ன?’ அதற்கு ‘எம்.எஸ்சி. பண்ணப்போறேன் மாமா’ என்பதைவிட சேஃபான பதில் கிடையாது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பிரச்னையே அங்கேதான். கேள்வியிலிருந்து தப்பிக்கச் சேர்கிற படிப்பு, முழுசாக இரண்டு வருஷத்தை எடுத்துக்கொள்ளும். அதுவும் 21, 22 வயசில், போட்டித் தேர்வுக்கு உட்கார்ந்தால் மூளை பளிச்சென்று வேலை செய்யும் நேரத்தில். அதனால் எம்.எஸ்சி. நல்லதா கெட்டதா என்பதைவிட, உங்களுக்கு அது எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

அரசு வேலைதான் கனவா?

அப்படியென்றால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வேளாண்மை அலுவலர் தேர்வுக்கு பி.எஸ்சி. வேளாண்மைதான் தகுதி. ஐ.பி.பி.எஸ். மூலம் பொதுத்துறை வங்கிகளில் சேரும் வேளாண் கள அலுவலர் பதவி, நம்ம பசங்க ஏ.எஃப்.ஓ. என்று சொல்வார்களே, அதற்கும் நான்கு வருஷப் பட்டம் போதும். பொதுப்பிரிவுக்கு 30 வயசுதான் உச்சவரம்பு என்பதால், அங்கே இரண்டு வருஷம் ரொம்பப் பெரிய விலை. யு.பி.எஸ்.சி.-யின் இந்திய வனப்பணிக்கும் வேளாண் இளநிலைப் பட்டத்தோடு நேரடியாகவே போகலாம். இந்தத் தேர்வுகளில் எம்.எஸ்சி. முடித்தவருக்கென்று தனி மதிப்பெண் எதுவும் தரமாட்டார்கள்.

‘பி.ஜி. சேர்ந்துட்டு ஹாஸ்டல்ல இருந்தே பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கலாம்’ என்று ஒரு திட்டம் எல்லா பேட்ச்சிலும் ஓடும். சிலர் அப்படியே பாஸாகி, தீசிஸைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால், வயல் வேலை தொடங்கியபின் ஒரே நேரத்தில் இரண்டையும் இழுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தேர்வுதான் இலக்கு என்றால் ஒரு வருஷம் அதற்காகவே உட்காருவது நேர்மையான கணக்கு.

சரி, முதுநிலை எங்கே கட்டாயம்? வேளாண் அறிவியல் நிலையங்களில், அதாவது கே.வி.கே.-க்களில், பொருள்சார் வல்லுநர் ஆக எம்.எஸ்சி. வேண்டும். 1974-ல் புதுச்சேரியில் ஒன்றாகத் தொடங்கிய இந்த நிலையங்கள் இன்று நாடு முழுக்க 700-க்கும் மேல் இருக்கின்றன. தமிழக அரசில் வேளாண்மை உதவி இயக்குநர் பதவிக்கு நேரடியாகப் போகவும் முதுநிலை கேட்கிறார்கள். இடங்கள் என்னவோ கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். கல்லூரி ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.-யோடு நெட் தேர்வு, பெரும்பாலும் பிஹெச்.டி.-யும் வேண்டும். விதை நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவு, பூச்சிமருந்து கம்பெனிகளின் களப் பரிசோதனைப் பிரிவு போன்றவற்றில், விற்பனையைத் தாண்டிய நாற்காலிகளுக்கு முதுநிலை இருந்தால்தான் ரெஸ்யூமையே திறக்கிறார்கள். சுருக்கமாக, ஆராய்ச்சி அல்லது கற்பித்தல் பக்கம் போகிறவருக்கு எம்.எஸ்சி. ஒரு வாசல். மற்றவர்களுக்கு அது ஒரு சுற்றுப்பாதை.

70-ல் 30

‘யு.ஜி. மாதிரிதானே, இன்னும் நாலு செமஸ்டர்’ என்று நினைத்துச் சேர்ந்தால் முதல் வருஷம் முடிவதற்குள் முழி பிதுங்கிவிடும். இப்போதைய பாடத்திட்டப்படி எம்.எஸ்சி.-க்கு மொத்தம் 70 கிரெடிட். முதன்மைப் பாடத்துக்கு 20, துணைப்பாடத்துக்கு 8, புள்ளியியல் போன்ற ஆதரவுப் பாடங்களுக்கு 6, பொதுப் பாடங்களுக்கு 5, கருத்தரங்குக்கு 1. மீதி 30-ம் ஆய்வேட்டுக்கு, அதாவது தீசிஸுக்கு. கிட்டத்தட்ட பாதிப் படிப்பு வகுப்பறைக்கு வெளியே நடக்கிறது.

நெல் இனப்பெருக்கத்தில் ஒரு மாணவரின் காலை எப்படி இருக்கும் என்று பாருங்கள். நெற்பூ காலை 9 மணிவாக்கில் விரியும். கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். ஒட்டுச் சேர்க்க வேண்டுமானால், பூ விரியும் முன்பே, முந்தின நாள் சாயங்காலமோ விடியற்காலையிலோ, ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் நுண்ணிய இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒன்று தவறினாலும் அது தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடும். பிறகு கதிருக்கு உறை மாட்டி, லேபிள் கட்டி, மறுநாள் சரியான நேரத்தில் ஆண் ரகத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி எல்லாம் நெல்லுக்குத் தெரியாது.

நாம சாதாரணமாக வாங்கிப் போடுகிற கோ 51, ஆடுதுறை 43, அம்பை 16 நெல், வம்பன் 8 உளுந்து எல்லாம் இப்படி ஏதோ ஒரு வயலில் யாரோ குனிந்து நின்ற காலைகளிலிருந்து வந்தவைதான். பெயரிலேயே ஆராய்ச்சி நிலையத்தின் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். ‘கோ’ என்றால் கோவை, ‘அம்பை’ என்றால் அம்பாசமுத்திரம். இரண்டு வருஷ எம்.எஸ்சி.-யில் ஒரு ரகம் வெளிவராது. அதற்குப் பல வருஷம் ஆகும். உங்கள் பங்கு அந்த நீண்ட வேலையில் ஒரு சின்னத் துண்டு.

பூச்சியியல் என்றால் வாரம் தவறாமல் கணக்கெடுப்பு. 2018-ல் கர்நாடகாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட படைப்புழு, அதே வருஷமே தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்குள்ளும் புகுந்தது. அதன்பின் எத்தனையோ பி.ஜி. மாணவர்களின் ஆய்வுப் பொருளே அதுவாகிப்போனது. மண்ணியல் மாணவருக்கு வயலைவிட ஆய்வகத்தில் நேரம் அதிகம். பொருளாதாரமும் விரிவாக்கமும் ‘ஈஸி டிபார்ட்மென்ட்’ என்று ஒரு பேச்சு உண்டு. ஊர் ஊராக பஸ் ஏறி, அறுவடை அவசரத்தில் இருக்கும் விவசாயியிடம் ‘ஐயா, ஒரு பத்து நிமிஷம்’ என்று கேட்டு, எட்டுப் பக்க வினாத்தாளை நிரப்பிப் பார்த்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். கடன் எவ்வளவு என்ற கேள்விக்கு முதல் சந்திப்பிலேயே உண்மையான பதில் வராது என்பதும் அப்போது புரியும்.

பயிர் சார்ந்த எந்தப் பிரிவானாலும் சீசன்தான் எஜமான். ஆய்வுத் திட்டத்துக்குக் கையெழுத்து வாங்கத் தாமதமாகி விதைப்புப் பட்டம் தவறினால், பெரும்பாலும் அடுத்த பட்டம்வரை காத்திருக்க வேண்டியதுதான். மூன்று ரெப்ளிகேஷன் போட்டு, அளந்து பாத்தி பிரித்து வைத்திருப்பீர்கள். மயிலும் காட்டுப்பன்றியும் அதையெல்லாம் பார்த்துச் சாப்பிடாது. ஐப்பசி மழையில் பாத்தி முழுகினால் டேட்டாவும் முழுகியது. இதெல்லாம் பயமுறுத்த இல்லை. இதில் ஒரு சுவாரஸ்யம் தட்டுப்படுகிறதா, இல்லை இப்போதே அலுப்பாக இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பார்க்கத்தான்.

தாள் முடிவானால் துறையும் முடிவு

தமிழ்நாட்டில் படிக்க, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மதுரை, கிள்ளிகுளம் போன்ற அதன் கல்லூரிகளும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பக்கத்திலேயே காரைக்காலில் ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி. இவற்றுக்கு அந்தந்த நிறுவன அறிவிப்புப்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மாநிலத்தைத் தாண்ட நினைத்தால் ஐ.சி.ஏ.ஆர். எனப்படும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய நுழைவுத் தேர்வு. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. மொத்தம் 120 கேள்வி, இரண்டு மணி நேரம். சரியான பதிலுக்கு 4 மார்க், தவறுக்கு 1 மார்க் கட். டெல்லி பூசாவில் இருக்கும் ஐ.ஏ.ஆர்.ஐ., கர்னாலில் இருக்கும் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் எம்.எஸ்சி. இடங்களுக்கு இந்தத் தேர்வுதான் வழி. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் ஒரு பங்கு இடங்கள் இதன்மூலம் நிரம்புகின்றன.

பலர் கோட்டைவிடும் இடம் இதில் ஒன்று உண்டு. விண்ணப்பத்திலேயே ஒரே ஒரு தாளைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதன்பின் அந்தத் தாளுக்குள் வரும் துறைகளில் மட்டும்தான் சேர முடியும். தாவர அறிவியல் தாள் என்றால் பயிர் இனப்பெருக்கம், பயிர் நோயியல், விதை அறிவியல் எல்லாம் அதற்குள் அடங்கும். உழவியலுக்குத் தனித் தாள். பூச்சியியலும் நூற்புழுவியலும் சேர்ந்து ஒரு தாள். பொருளாதாரமும் விரிவாக்கமும் சமூக அறிவியலுக்குள். ‘ரேங்க் வரட்டும், அப்புறம் துறை பார்க்கலாம்’ என்ற கணக்கு இங்கே பாதிதான் செல்லும். சீனியர் எடுத்த தாளையே நாமும் எடுப்பது என்பது, சீனியரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்கிற மாதிரி.

நல்ல ரேங்க் வந்தால் பணமும் உண்டு. ஐ.சி.ஏ.ஆர். முதுநிலை உதவித்தொகை மாதம் 12,640 ரூபாய் என்ற அளவில் இருந்துவருகிறது. அது கிடைக்காமல், இந்தத் தேர்வு மூலம் வெளி மாநிலத்தில் சேர்கிறவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் தேசியத் திறன் உதவித்தொகை உண்டு. வீட்டில் காசு கேட்கக் கூச்சப்படும் வயசில் இது சின்ன விஷயம் இல்லை.

கைடு யாருங்க?

கல்லூரியின் பெயரைவிட, இரண்டு வருஷம் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பவர் உங்கள் ஆய்வு வழிகாட்டிதான். பல இடங்களில் கைடைத் துறைதான் ஒதுக்கும். நம்ம விருப்பத்துக்கு ஓரளவுதான் இடம். அந்த ஓரளவையாவது பயன்படுத்துங்கள். சேரும் முன்பே அந்தத் துறையில் யார் என்ன ஆராய்ச்சி செய்கிறார், கையில் நிதியுள்ள ப்ராஜெக்ட் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ப்ராஜெக்ட் இருந்தால் ரசாயனம், வயல் கூலி, சாம்பிள் பரிசோதனை எல்லாம் அதிலிருந்து ஓடும். இல்லையென்றால் கூலி ஆட்களுக்கான காசு உங்கள் ஜிபேயிலிருந்து போகலாம். இதையெல்லாம் ப்ராஸ்பெக்டஸில் தேடாதீர்கள். அங்கே இரண்டாம் வருஷம் படிக்கும் அக்காவோ அண்ணாவோ ஒரு டீயில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ‘உங்க பேட்ச்ல எத்தனை பேர் ரெண்டு வருஷத்துல தீசிஸ் சப்மிட் பண்ணாங்க?’

தனியார் கல்லூரியில் சேர்வதாக இருந்தால் ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘வேலை பார்த்துக்கிட்டே தபால்ல எம்.எஸ்சி. அக்ரி’ என்று யாராவது விளம்பரம் அனுப்பினால் பிளாக் பண்ணிவிடுங்கள். தொலைதூரக் கல்வியில் வேளாண்மைப் பட்டம் நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை.

ஆராய்ச்சியில் ஆர்வம் இல்லை, ஆனால் வேளாண் துறையை விட்டுப் போகவும் மனசில்லை என்றால் மேலாண்மைப் படிப்புகள் இருக்கின்றன. ஹைதராபாத் மேனேஜ் நிறுவனத்தின் வேளாண் வணிக மேலாண்மை டிப்ளமோ, ஐ.ஐ.எம். அகமதாபாத்தின் உணவு மற்றும் வேளாண் வணிகப் படிப்பு, குஜராத் ஆனந்தில் இருக்கும் இர்மா. மேனேஜ், ஐ.ஐ.எம். இரண்டுக்கும் கேட் தேர்வு எழுத வேண்டும் என்பதால், கடைசி வருஷத் தொடக்கத்திலேயே முடிவெடுப்பது நல்லது.

பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு

அமெரிக்காவில் ஆய்வோடு கூடிய முதுநிலைக்குப் பல பல்கலைக்கழகங்களில் பேராசிரியரே ஆராய்ச்சி உதவியாளராக எடுத்துக்கொள்வார். கட்டணமும் மாதச் செலவும் அவருடைய ப்ராஜெக்ட்டிலிருந்து வரும். அதனால் அங்கே விண்ணப்பத்துக்கு முன்னால் போக வேண்டியது மெயில். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று நூறு பேருக்கு ஒரே மெயில் அனுப்பினால் ஒரு பதிலும் வராது. அவருடைய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, அதைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்.

‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்பது பாதி உண்மை. வேளாண்மைக்குப் பேர்போன ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். கோட்டிங்கன், பான் போன்ற இடங்களில் அந்தக் கட்டணம் இல்லை; செமஸ்டர் பங்களிப்புத் தொகை மட்டும். டாட் அமைப்பின் வளர்ச்சி சார்ந்த முதுநிலை உதவித்தொகைக்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்கிறார்கள். எனவே கல்லூரி முடித்த கையோடு அதற்குப் போக முடியாது. ஒரு விதைக் கம்பெனியிலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ வேலை பார்த்துவிட்டு முயற்சி செய்யலாம். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் உலகப் புகழ் பெற்றது. கட்டணமும் அதற்கேற்ற மாதிரிதான், உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கிப் போவதற்கு முன் நூறு முறை யோசிக்கலாம். கோவை வேளாண் கல்லூரியில் படித்து, ஐ.ஏ.ஆர்.ஐ.-யில் முதுநிலை முடித்த எம்.எஸ்.சுவாமிநாதன், ஐ.பி.எஸ். பணிக்குத் தேர்வாகியும் அதை விட்டுவிட்டு யுனெஸ்கோ உதவித்தொகையோடு போனது அதே வாகனிங்கனுக்குத்தான்.

எந்த ஊருக்குப் போவதானாலும், கல்லூரியை விட்டு வரும்போதே எல்லா செமஸ்டர் டிரான்ஸ்கிரிப்ட், ஓ.ஜி.பி.ஏ.-வைச் சதவிகிதமாக மாற்றித் தரும் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ் மூன்றையும் வாங்கிவிடுங்கள். கவுன்சலிங்குக்கு முந்தின நாள் இதற்காக ராத்திரி பஸ் ஏறுகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.