ஒயின் ஷாப்பில் ஒயின் இல்லாத ஊர்

சென்னையில் ‘ஒயின் ஷாப்’ என்ற பெயருக்கும் ஒயினுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. 1981-க்குப் பிறகு தெருவுக்குத் தெரு முளைத்த தனியார் கடைகளின் பலகையில் ‘ஒயின்ஸ்’ என்று எழுதியிருக்கும். உள்ளே பிராந்தி, விஸ்கி, ரம், பீர். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டு டாஸ்மாக் என்று பலகை மாட்டிய பிறகும் ஜனங்கள் வாயில் அது ஒயின் ஷாப்தான். அதனால், அடையாறு பக்கம் ஒரு ஹோட்டலுக்குள் ஒயின் பார் திறந்திருக்கிறார்கள், சின்னச் சின்னத் தட்டுகளில் ஏதேதோ கொடுக்கிறார்களாம் என்று பேட்டைக்குள் பேச்சு கிளம்பும்போது, அதை வெறும் பத்தாம்பசலித்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

பேச்சு இப்படிப் போகும். மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்து மாமி: “ஒயின் ஷாப்னா ஒயின் ஷாப்தானே, அதுல ஏசி போட்டா என்ன, போடாட்டா என்ன?” பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்த அவர் பெண்: “அம்மா, அங்கெல்லாம் யாரும் தெருவுல விழுந்து கிடக்க மாட்டா.” தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ அண்ணன்: “அவங்க குடிச்சா டேஸ்ட்டு, நாங்க குடிச்சா கேஸு. போங்க தம்பி.”

தமிழ்நாட்டு மதுவின் நூறாண்டு வரலாற்றில் பெரும்பகுதி இந்த மூன்றாவது ஆளின் பேச்சில் அடங்கியிருக்கிறது என்பேன்.

(இந்த இடத்தில் சங்ககால யவனர் மதுவையும் அரிக்கமேட்டு ஜாடிகளையும் கொண்டுவருவது கட்டுரை வழக்கம். நம் தெரு வழக்குக்கு அந்த ஜாடிகள் சாட்சி சொல்லாது. விட்டுவிடுகிறேன்.)

அடையாற்றங்கரைக்கு ஒயின் புதிதல்ல. மெடீரா தீவில் நின்று பீப்பாய் ஏற்றிக்கொண்டு வரும் கப்பல்களால் கோட்டைக்காரர்களின் மேசை நிறைந்த காலம் உண்டு. 1890-இல் ஆற்றங்கரையில் அடையாறு கிளப் வந்தது. 1832-இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் 1963-இல் அதோடு இணைந்தது. மெட்ராஸ் கிளப்பில் இந்தியர்கள் உறுப்பினராக முடிந்தது சுதந்திரத்துக்கு வெகு பிறகுதான். ஆக, சுவருக்கு உள்ளே ஒயின். சுவருக்கு வெளியே கள்ளும் சாராயமும். அதுவும் ஆண்டுதோறும் ஏலம் விட்டு அரசு கல்லா நிரப்பிய கள்ளும் சாராயமும். 1930-களில் மதராஸ் மாகாண வருவாயில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தக் கலால் வரிதான்.

அதை எதிர்த்தவர்களுக்கு இலக்கியத்தோடு ஒரு தொடர்பு உண்டு. ராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக வேலை பார்த்தவர் கல்கி. குடிப் பிரச்சாரம் பண்ணப் போன இடத்தில் தமிழுக்கு ஒரு வெகுஜன எழுத்தாளர் பதம்பெற்றார் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி பிரதமராக இருந்தபோது, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. போன வருமானத்துக்கு ஈடு கட்ட 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். கடையில் சோப்பு வாங்கும்போது இன்று நாம் கட்டும் வரிக்கு மூதாதை அது. கள்ளுக்கடையை மூடியதன் பில் மளிகைக் கடைக்கு வந்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம். 1948-இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு.

முழுக்க என்றால் முழுக்கவா? டாக்டர் சான்றிதழ் வாங்க முடிந்தவருக்கு பர்மிட் உண்டு. வெளிநாட்டுக்காரருக்கு உண்டு. பெரிய ஹோட்டல்களில் அவர்களுக்கென்றே பர்மிட் ரூம். மற்றவருக்கு சுண்டக்கஞ்சி, ஜிஞ்சர், வார்னிஷ். மாட்டினால் போலீஸ், மாட்டாவிட்டால் சில சமயம் ஆஸ்பத்திரி. ஆட்டோ அண்ணன் சொன்ன டேஸ்ட்டு, கேஸு என்ற பிரிவினை சட்டப் புத்தகத்திலேயே ஏறியது இப்படித்தான்.

1971-இல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தினார். புதிதாக மதுவிலக்கு கொண்டுவரும் மாநிலங்களுக்குத்தான் நஷ்ட ஈடு, ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்று மத்திய அரசு கைவிரித்தது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. தி. நகர் பஸ்லுல்லா சாலையில் குடியிருந்த தொண்ணூறு தாண்டிய கிழவர், கொட்டும் மழையில் கோபாலபுரம் போய் முதலமைச்சரிடம் ‘வேண்டாம்’ என்று கேட்டுப்பார்த்தார். ராஜாஜியின் அரசியலோடு எனக்கு நிறைய சண்டை உண்டு. ஆனாலும் தென்சென்னையின் குடியிருப்போர் ஆட்சேபங்களில் இதைவிட மரியாதையான ஒன்றை நான் படித்ததில்லை. பலிக்கவில்லை. அவர் 1972 டிசம்பரில் இறந்தார்; 1973-74-இல் கருணாநிதியே படிப்படியாகக் கடைகளை மூடினார். 1981-இல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார்.

அன்று எழுதிய விதிகளில்தான் இன்றும் இருக்கிறோம். கிளப் என்றால் எஃப்.எல்.2, ஹோட்டல் என்றால் எஃப்.எல்.3. மும்பையிலும் பெங்களூரிலும் தெருவோரச் சாப்பாட்டுக் கடை ஒன்று உரிமம் வாங்கி நாலு மேசை போட்டு ஒயின் ஊற்றலாம். சென்னையில் தங்கும் அறைகள் கொண்ட ஹோட்டலின் கூரை வேண்டும். நம்மூர் ஒயின் பார் எப்போதும் ஒரு லாபியைத் தாண்டி, லிஃப்ட் ஏறிப் போகும் இடமாக இருப்பது அலங்காரத்துக்காக அல்ல.

சின்னத் தட்டு விஷயத்துக்கு வருவோம். ஸ்பெயினில் தாபாஸ் என்பதை இங்கே சைடிஷ் என்போம். டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரை டெண்டர் எடுப்பவருக்குக் கிடைப்பது மது விற்கும் உரிமையே அல்ல. தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் பொறுக்கவும் மட்டும்தான் உரிமை. அவித்த முட்டை, சுண்டல், மாங்காய்ப் பத்தை, பிளாஸ்டிக் டம்ளர். சட்டத்தின் கண்ணில் அதுதான் தமிழ்நாட்டின் அசல் ஸ்மால் பிளேட்ஸ் உணவகம். அங்கே பெரும்பாலும் நின்றபடி பத்து நிமிடத்தில் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். மெதுவாகக் குடி, நடுவில் ஏதாவது தின்னு என்ற நல்ல பழக்கத்துக்கு நாற்காலி வேண்டும். நாற்காலிக்குக் காசு வேண்டும்.

அதனால் ‘நாகரிகமாகக் குடிப்பவர்கள்’ என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். மாமியின் பயமும் பொய்யில்லை. 2015 ஜூலையில் மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை. 2017-இல் ஊர் ஊராகப் பெண்கள் கடைகளை மறித்தார்கள். அவர்கள் கேட்டது வீட்டுக்கு வர வேண்டிய கூலியை. ரசனையைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. அதே 2017 ஏப்ரலில், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி நெடுஞ்சாலையோரம் இருந்தால் டாஸ்மாக்கும் மூட வேண்டும், நட்சத்திர ஹோட்டல் பாரும் மூட வேண்டும் என்றானது. தெருவும் லாபியும் ஒரே வரிசையில் நின்ற அபூர்வமான மூன்று மாதம். ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் அது பொருந்தாது என்று நீதிமன்றம் விளக்கிவிட்டது.

2023-இல் அரசு இரண்டு காரியம் செய்தது. ஜூனில் 500 கடைகளை மூடியது, மிச்சம் 4,829. அதற்கு முன் ஏப்ரலில், சிறப்பு உரிமம் எடுத்தால் திருமண மண்டபங்களிலும் மது பரிமாறலாம் என்று விதியைத் திருத்தியது. நாலா பக்கமும் கத்தல் எழுந்ததும் திருமண மண்டபங்களை மட்டும் நீக்கிவிட்டார்கள். மாநாடுகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்குமான அனுமதியை விதியில் விட்டுவைத்தார்கள்.