நிறை நிறமாலைமானியில் காற்றுக் கசிவும் ஈரமும்

நிறை நிறமாலைமானி என்பது வாயு மூலக்கூறுகளை அயனிகளாக்கி, நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி ஆகும். கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் ஆஸ்டன் 1919இல் இதன் முன்னோடி வடிவத்தை அமைத்தார். அயனிகள் தடையின்றிச் செல்ல உயர் வெற்றிடம் வேண்டும். எனவே உள்ளே புகும் காற்றும், சுவரில் ஒட்டிய ஈரமும் அளவீட்டைக் கெடுக்கும்.

சரிபார்க்கும் முறை

குறையைக் கருவியே காட்டித்தரும். நிறை எண் 28இல் (நைட்ரஜன்) பெரிய முகடும், அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக 32இல் (ஆக்சிஜன்) மற்றொன்றும், சிறிதாக 40இல் (ஆர்கான்) ஒன்றும் சேர்ந்து தோன்றினால் அது காற்றுக் கசிவு. 18 ஓங்கி, 17 அதைத் தொடர்ந்தால் அது ஈரம்.

கசியும் இடத்தை அறிய இணைப்புகளின் மேல் ஹீலியம் தெளித்து, எண் 4 உயர்கிறதா என்று பார்ப்பர். காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் சுமார் 5 பங்கே இருப்பதால் குழப்பம் நேராது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் யுரேனிய ஆலைக்காக இம்முறை வளர்ந்தது. ஈரத்தைப் போக்க, கருவியைச் சூடாக்கியபடி பல மணி நேரம் காற்றை வெளியேற்றுவர்.

நிலவில் எழுந்த சிக்கல்

விண்வெளியில் காற்று உட்புக வழியில்லை. ஆனால் பூமியில் ஒட்டிய ஈரம் கருவியுடன் பயணிக்கும். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 நிலவில் வைத்த நிறமாலைமானியின் பகல்நேர அளவீடுகளை, வெயிலில் சூடேறிய சுற்றுக்கருவிகள் வெளியிட்ட வாயுக்கள் மூழ்கடித்தன. இரவு அளவீடுகளே பயன்பட்டன.

மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1இன் மோதுகலம் 14.11.2008 அன்று நிலவில் இறங்கியது. அதிலிருந்த, திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் 'சேஸ்' நிறமாலைமானி, இறங்கும்போதே 18, 28, 44 ஆகிய எண்களில் முகடுகளைப் பதிவு செய்தது. பகல்வெளிச்சத்திலும் நிலவில் நீராவி உண்டு என்பதற்கு இது நேரடிச் சான்று என ஆய்வுக்குழு 2010இல் வெளியிட்டது.

அந்த 18 நிலவினுடையதா, கருவியினுடையதா என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி. கருவியின் ஈரம் நேரத்தையும் வெப்பத்தையும் பொறுத்து மாறும். நிலவின் நீராவி கலம் கடக்கும் இடத்தைப் பொறுத்து மாறும். அதே விண்கலத்தில் சென்ற நாசாவின் கருவி, நிலத்தில் நீரோ ஹைட்ராக்சிலோ இருப்பதாக 2009இல் காட்டியது. ஆனால் அது காட்டியது தரையை; சேஸ் அளந்த ஆவியை அன்று. ஆகவே கருவியின் சொந்த ஈரத்தைக் கழித்த பின்னரே 18 என்னும் எண் சான்றாக நிற்கும்.