நந்தன் கண்ட இன்பமும் நாம் தேடும் இன்பமும்

கடவுளை நம்புவோன் இன்பமாக வாழ்கின்றானா, நம்பாதோன் இன்பமாக வாழ்கின்றானா என்னும் வினா மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பொருளாக இருப்பது. நம் இல்லங்களில் அது திண்ணைப் பேச்சு. ஒரே கூரையின் கீழ்ப் பாட்டியார் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கின்றார். பெரியப்பா கருஞ்சட்டை அணிகின்றார். பிள்ளையோ அண்ணல் அம்பேத்கர் படத்தருகே புத்தர் படத்தை மாட்டுகின்றான். இம்மூவருள் மனநிறைவு பெற்றவர் யார் என்று கேட்பின், விடை கூறுமுன் நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம்.

திருப்பாதிரிப்புலியூர் இன்று கடலூர் நகரின் ஒரு பகுதி. அங்கே முற்காலத்தில் சமணப் பள்ளி ஒன்று இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் அச்சமயத்தில் தருமசேனர் என்னும் பெயருடன் உயர்நிலை எய்தியிருந்த மருள்நீக்கியார், தீராத சூலை நோயால் வருந்தித் தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்து சைவரானார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அவரே திருநாவுக்கரசர். சமயம் மாறிய அவருக்கு அரசனால் துன்பம் வந்தது; ஆயினும் எக்கோயில் வாயிலும் அவருக்கு அடைக்கப்படவில்லை. அவர் வேளாளர் குலத்தவர்.

அதே பெரியபுராணத்தில்தான் நம் நந்தனாரும் இருக்கின்றார். கொள்ளிடக் கரையில் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர். அவர் அளித்த தோல் உள்ளே முழங்கியது. அவர் வாயிற்புறத்தே நின்று ஆடிப்பாடினார். அந்த ஆடலில் இன்பம் இல்லை என்று யாம் சொல்லத் துணியோம். மெய்யான இன்பமே அது. ஆனால் தில்லைக்குச் செல்ல எண்ணிய ஒவ்வொரு நாளும், செல்லத் தமக்குத் தகுதியில்லையே என்று தயங்கி, 'நாளைப் போவேன்' என்றார். அச்சொல்லே அவருக்குப் பெயராயிற்று. தில்லையை அடைந்தபின்னும் ஊரை இரவும் பகலும் சுற்றி வந்தாரேயன்றி உள்ளே நுழையவில்லை. முடிவில் தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவர் வடிவில் எழுந்த பின்னரே அவர் கோயிலுள் சென்றதாகச் சேக்கிழார் பாடுகின்றார். ஆதனூரில் பிறந்த அந்த உடம்போடு அவர் உள்ளே செல்லவில்லை என்பதை நம் இளைஞர்கள் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் பண்ணைக்கார வேதியர் ஒருவர் வருகின்றார். சேக்கிழாரிடம் இவர் இல்லை. நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்று ஆணையிடும் அந்த வேதியரை நம் முன்னோர் உடனே அடையாளம் கண்டுகொண்டனர். அவரைப் போன்றோரை நாள்தோறும் கண்டவர்கள் அல்லரோ? தெய்வத்தைக் காணவும் பண்ணையாரிடம் விடுப்புக் கேட்க வேண்டிய நிலை அது. அயோத்திதாசப் பண்டிதரோ இக்கதையையே ஏற்கவில்லை. நந்தன் பக்தனல்லன், வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்ட பௌத்த மன்னன் என்று எழுதினார். 1898ஆம் ஆண்டில் பௌத்தம் தழுவிய பண்டிதர் தம் மக்களுக்கு அளிக்க விரும்பியது, இரந்து நிற்பதன் இன்பமன்று; இழந்ததை அறிவதன் பெருமிதம்.

இவ்விரு நெறிகளுக்கும் வேறாக மூன்றாம் நெறி கண்டவர் சுவாமி சகஜானந்தர். 1890ஆம் ஆண்டு ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் முனுசாமியாகப் பிறந்தவர். திண்டிவனத்து மிஷன் பள்ளியில் பயின்றபோது மதம் மாற இசையாமையால் கல்வியை இழந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்னர் வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளை அடுத்துத் துறவியாகி, 1910இல் சிதம்பரம் வந்தார். இறைப்பற்று மிக்க அத்துறவியார் கோயில் திறக்கட்டும் என்று காத்திருந்தாரல்லர். 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, ஏறத்தாழ 25 பிள்ளைகளுடன் பள்ளி தொடங்கினார். காவியுடையுடனேயே சட்டமன்றத்தில் அமர்ந்து நிலத்துக்காகவும் கல்விக்காகவும் வாதாடினார். நந்தனாரின் பெயரையே பள்ளிக்கு இட்டவர், அவர் சொன்ன 'நாளை'யை மட்டும் ஏற்கவில்லை.

இனி, நம்பாதோர் பக்கம் வருவோம். 1944ஆம் ஆண்டில் கடலூரில் தந்தை பெரியார்மீது செருப்பு வீசப்பட்டது யாவரும் அறிந்ததே. அந்நகரிலேயே பின்னாளில் அவருக்குச் சிலை எழுந்தது. அவருடைய கடவுள் மறுப்பில் நம்மவர் கண்ட ஆறுதல் யாது? 'இழிபிறப்பு முற்பிறவிப் பாவத்தின் பயன்' என்னும் தீர்ப்பு பொய் என்று அறிந்தபோது, செய்யாத குற்றத்துக்குச் சிறையிருந்தவன் விடுதலை பெற்றாற்போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று. இதனை இறைப்பற்றுடைய நம் பெரியோரும் மறுத்தல் ஆகாது. ஆயினும் தேநீர்க் கடையில் தனிக்குவளை கொடுத்தவன் நீ நம்புகிறாயா, இல்லையா என்று கேட்டுக் கொடுக்கவில்லை. காட்டுமன்னார்கோயில் பகுதியில் தோன்றிய எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைந்து 1969இல் அறிக்கை அளித்த குழு, இந்தியா முழுவதும் தீண்டாமை நிலவுவதை எடுத்துரைத்தது.

சமயம் மாறியோர்க்கு மற்றோர் இடர் வந்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராகக் கொண்டது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர்; கிறித்துவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே நம்முள் ஒருவன் ஞாயிறுதோறும் எங்கே மண்டியிடுகின்றான் என்பது, அவன் மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைப்பதையும் தொடுகின்றது. மனத்தின் அமைதிக்காகச் சமயம் தேடுவோர்க்கு இத்தகைய கணக்கு வேறு எவரிடமும் கேட்கப்படுவதில்லை.

2010ஆம் ஆண்டில் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்னும் இரு அறிஞர் அமெரிக்க மக்களிடையே செய்த ஆய்வொன்றை வெளியிட்டனர். வழிபாட்டுக்குத் தவறாது செல்வோர் மிகுந்த மனநிறைவுடன் இருக்கக் காரணம், அங்கே அவர்கள் பெற்ற நெருங்கிய நண்பர்களே என்று அது கூறுகின்றது. தனியே இருந்து வழிபடுதலால் மட்டும் அந்நிறைவு வரவில்லையாம். இதைப் படித்தபோது யாம் வாயிற்புறத்து நின்ற நந்தனாரையே நினைத்தோம். உடன் நின்று கைபற்ற ஒருவரும் இல்லாது, ஊரைச் சுற்றிச் சுற்றி வந்த அவருக்குப் பத்தி இருந்தது, கூட்டம் இல்லை. அண்ணல் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தாம் மட்டும் தனியே மதம் மாறாமல், இலட்சக்கணக்கானோருடன் சேர்ந்து பௌத்தம் தழுவியதன் பொருளும் இதனால் விளங்கும் என்பது எம் கருத்து.

சென்னை மாகாணத்தின் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. அப்போது சகஜானந்தர் சிதம்பரம் வந்து 37 ஆண்டுகள் கழிந்திருந்தன. கோபுரத்தைக் கண்டவாறே அவர் ஓமக்குளத்தில் பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் அளித்து வந்தார். 1959 மே முதல் நாள் அவர் மறைந்தார். அவர் நிறுவிய பள்ளியில் பயின்று வெளிவந்தோருள் திருநீறு அணிவோரும் உளர், கருஞ்சட்டை அணிவோரும் உளர், பஞ்சசீலம் ஓதுவோரும் உளர். சனவரி 27ஆம் நாள் அவர்தம் பிறந்தநாளில் அனைவரும் ஓமக்குளத்துக்கு வருகின்றனர்.