காவிரி மின்சாரமும் கிறிஸ்துமஸ் தெருக்களும்: பெங்களூரு ஒளி அலங்காரம் வளர்ந்த கதை

டிசம்பர் பாதி கடந்ததும் பெங்களூருவின் பிரிகேட் ரோடு, கமர்ஷியல் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட் மூன்றும் விளக்குச் சரங்களால் நிறைந்துவிடும். செல்போனை உயர்த்திப் பிடித்தபடி கூட்டம் நகரும். நாளிதழ்களில் வரும் கிறிஸ்துமஸ் படமும் பெரும்பாலும் அங்கே எடுத்ததாகத்தான் இருக்கும். அதே இரவில் சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன், விவேக்நகர், லிங்கராஜபுரம் பக்கம் போனால் வேறு காட்சி. எதிரெதிர் வீடுகளின் மொட்டைமாடிகளை இணைத்து சீரியல் செட் ஓடுகிறது; வாசலுக்கு வாசல் ஸ்டார் தொங்குகிறது; தெருமுனையில் வைக்கோலும் பொம்மைகளுமாகக் குடில் நிற்கிறது. இந்தச் சந்துகளைப் படம் பிடிக்க வருகிறவர்கள் குறைவு.

பெங்களூருவின் கிறிஸ்துமஸ் ஒளியை ஆங்கிலேயர் விட்டுச்சென்ற வழக்கம் என்றே பலரும் எழுதிவருகிறார்கள். பாதிதான் சரி. வீட்டுக்குள் மரம் வைத்து விளக்கேற்றுவது ஐரோப்பியர் வழி வந்தது. ஆனால் தெருவையே ஜோடிக்கும் பழக்கத்தின் வேர் உள்ளூர்த் திருவிழாவில் இருக்கிறது. அந்தத் திருவிழாக்களைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ் பேசும் உழைப்பாளிகள். இதைப் புரிந்துகொள்ள மின்சாரம் வந்த வழியிலிருந்து தொடங்க வேண்டும்.

மைசூர் சமஸ்தானத்தில் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயர், காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைக்கும் திட்டத்தை முன்னெடுத்தார். திட்டத்துக்கு வடிவம் கொடுத்தவர் ராயல் எஞ்சினியர்ஸ் அதிகாரி ஜோலி டி லோட்பினியர். 1902இல் மின்சாரம் புறப்பட்டபோது அதைப் பார்க்க சேஷாத்ரி ஐயர் இல்லை. முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். அந்த மின்சாரம் முதலில் போன ஊர் கோலார் தங்கவயல். ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தூரத்துக்கு இழுக்கப்பட்ட அந்தக் கம்பி, அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்கடத்தல் பாதைகளில் ஒன்று. தங்கவயலுக்குப் பிறகுதான் பெங்களூரு. 1905 ஆகஸ்டில் இன்றைய கே.ஆர். மார்க்கெட் பகுதியில் பெங்களூருவின் முதல் மின் தெருவிளக்குகள் எரிந்தன. அதுவரை தெருக்களில் மண்ணெண்ணெய் விளக்குதான்.

இங்கே ஒரு ஒற்றுமையைக் கவனிக்கலாம். சிவசமுத்திரத்துக்கு மின் இயந்திரங்களை அனுப்பியது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம். கோர்த்துத் தயாராக வைத்த கிறிஸ்துமஸ் பல்புச் சரங்களை 1903இல் அமெரிக்கக் கடைகளுக்குக் கொண்டுவந்ததும் அதே நிறுவனம். அதற்கு முன் 1882 டிசம்பரில், எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 பல்புகளைக் கட்டி எரியவிட்டார். மின்விளக்கால் ஜோடித்த முதல் கிறிஸ்துமஸ் மரம் அதுவே என்பர். மரம் வீட்டு வரவேற்பறையில்தான் நின்றது. பெங்களூருவில் ஆங்கிலேயப் படை தங்கிய கன்டோன்மென்ட் பகுதியின் பங்களாக்களும் கிளப்புகளும் பின்பற்றியது அந்த வழியைத்தான். மதில் இருந்தது, வாசலில் காவலாள் இருந்தார்; விளக்கு உள்ளே எரிந்தது.

தெருவுக்கு ஒளி வந்த கதையைக் கோயிலில் தேட வேண்டும். 1809இல் ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து ஆங்கிலேயப் படை பெங்களூருவுக்கு இடம் மாறியது. படையோடு சென்னை மாகாணத்தின் தமிழர்களும் வந்தார்கள்: சிப்பாய்கள், சமையல்காரர்கள், கொத்தனார்கள், வண்டிக்காரர்கள், சரக்கு வியாபாரிகள். அன்று பிளாக்பள்ளி எனப்பட்ட இன்றைய சிவாஜிநகரில், செஞ்சியிலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதற்கும் முன்பே குடியேறியதாக அங்குள்ள மரியன்னை கோயிலின் மரபுவழி வரலாறு சொல்கிறது. பாதிரியார் அபே துபுவா காலத்துச் சிறு கோயில் இருந்த அந்த இடத்தில், கூர்கோபுரத்தோடு இன்று நிற்கும் புனித மரியன்னை ஆலயம் 1882 செப்டம்பர் 8 அன்று அர்ச்சிக்கப்பட்டது. 1970களில் பசிலிக்கா ஆனது.

ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், செப்டம்பர் 8 அன்று பெருவிழா என்று வேளாங்கண்ணியில் நடக்கும் அதே நாட்களில் இங்கும் திருவிழா நடக்கிறது. காவி உடுத்தி நடந்துவரும் பக்தர்கள் கூட்டத்தில் கிறிஸ்தவர் மட்டும் இல்லை. தேர் போகும் தெருக்களில் வளைவுகள் எழுகின்றன. கோபுரத்தின் விளிம்பெல்லாம் பல்பு வரிசை. வழிநெடுக ட்யூப் லைட் கம்பங்கள். தேர் போகும் வழியை ஒளியால் நிரப்புவது ஊர்த் திருவிழாவின் இலக்கணம். சாமி வெளியே வருகிறது. ஆகவே தெருவே கோயிலாகிறது. டிசம்பரில் இதே தெருக்கள் ஜோடிக்கப்படும்போது கையாளப்படுவதும் இந்த இலக்கணம்தான். வளைவு, இருபுறச் சரம், தெருமுனையில் ஒரு சுரூபக் கூடம். சுரூபக் கூடத்தின் இடத்தில் குடில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. வீட்டுக்குள் வைக்கும் மரத்திலிருந்து இந்த அமைப்பு கிளைத்திருக்க வழியில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பெங்களூருவில் இந்த இலக்கணம் ஒரு மதத்தின் உடைமையாக இருந்ததில்லை. சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. அதை நடத்துபவர்கள் திகளர் சமூகத்தினர். தமிழோடு நெடுங்கால உறவு கொண்டவர்கள். பழைய நகரின் பேட்டைத் தெருக்கள் விடிய விடிய வெளிச்சத்தில் இருக்க, கரகம் மஸ்தான் சாகிப் தர்காவிலும் நின்று செல்லும். இன்னொரு முன்மாதிரி மைசூர் அரண்மனை. 1912இல் கட்டி முடிந்த அந்தக் கட்டடத்தின் வளைவுகளிலும் மாடங்களிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் விளிம்பு வரைகின்றன. கட்டடத்தின் கோடுகளை ஒளியால் வரைந்து காட்டும் இந்த முறை கர்நாடகத்தில் ஊறிப்போன ஒன்று. விடுமுறை நாட்களில் ஒளிரும் விதான சௌதாவிலும், கிறிஸ்துமஸ் இரவில் எந்தப் பங்குக் கோயிலின் முகப்பிலும் அதைப் பார்க்கலாம்.

வேலை செய்தவர்களின் நுட்பத்தைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. எல்.இ.டி. வருவதற்கு முந்தைய சீரியல் செட், பெயருக்கேற்ப, பல்புகளைத் தொடராக இணைத்தது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சிறு பல்பு ஒன்றுக்கு 6 வோல்ட் என்றால் 38 பல்புகளாவது வரிசையாகக் கோர்த்தாக வேண்டும். ஒன்று போனால் முழுச் சரமும் அணைந்துவிடும். ஏணியில் நின்றபடி ஒவ்வொரு பல்பாகத் தொட்டுச் சோதித்து, உயிர்போனதைக் கண்டுபிடிப்பதே இரவு வேலையின் பெரும்பகுதி. விளக்கு ஓடுவதுபோல் காட்ட உருளை ஒன்று இருந்தது. மர உருளையின் மேல் செப்புத் தகடுகளைப் படிப்படியாகப் பதித்திருப்பார்கள். சிறு மோட்டார் அதைச் சுழற்றும். தகடு தொடும் கம்பிக்குரிய வரிசை எரியும், விலகினால் அணையும், உடனே அடுத்தது எரியும். தகடும் கம்பியும் உரசும் இடத்தில் நீலப் பொறி தெறித்துக்கொண்டே இருக்கும். வால்நட்சத்திரம் பாய்வதும் மூன்று ஞானிகளின் ஒட்டகம் கால் எடுத்து வைப்பதும் இந்த உருளையின் கைவண்ணம். தகடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்ற கணக்கை மனத்தில் வைத்து வேலை செய்தவர்களுக்குப் பட்டம் கிடையாது. வங்கத்தின் சந்தன்நகர் விளக்குக் கலைஞர்களுக்குக் கிடைத்த புகழும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது பெரிய குறை.

வீட்டு ஸ்டார் இன்னும் எளியது. மூங்கில் சிம்பில் சட்டம், அதன்மேல் காற்றாடித் தாள், உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ, உண்மையில் அது 15 வாட் வரை எடுக்கும். மின்சாரம் எட்டாத வீட்டில் மெழுகுவத்தி.

இந்த ஸ்டாரின் கதையை எழுதும்போது கோலார் தங்கவயலைத் தாண்டிப் போக முடியாது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து போன தொழிலாளர்கள் அங்கே மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் குடியிருந்தார்கள். ஜான் டெய்லர் கம்பெனி காலத்தில் ஊருக்குக் குட்டி இங்கிலாந்து என்றே பெயர். மின்சாரம் முதலில் சுரங்க இயந்திரங்களுக்கும் அதிகாரிகளின் பங்களாக்களுக்கும் போனது. பூமிக்கடியில் விளக்கோடு இறங்கியவர்களின் தட்டி வீடுகளுக்கு அது நெடுங்காலம் கழித்தே வந்தது. வந்த பிறகு, வரிசை வீடுகளின் லைன் முழுக்க ஸ்டார் கட்டுவது அங்கே கிறிஸ்துமஸின் அடையாளமாயிற்று. இரவில் கேரல் குழு தெருத்தெருவாகப் போகும். பூமிக்கடியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் என்பதால் இந்து வீடுகளிலும் பலகாரம் பரிமாறப்படும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புக்காகப் பலர் மாரிகுப்பத்தில் ரயிலேறித் தினமும் பெங்களூரு போய்வருகிறார்கள். பலர் நகரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் போன இடத்துக்கெல்லாம் ஸ்டார் கட்டும் வழக்கமும் போனது என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு.

இந்த ஒளிக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1991 டிசம்பர் 11 அன்று தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை மத்திய அரசு அரசிதழில் வெளியிட்டது. அடுத்த இரண்டு நாட்களில் பெங்களூருவில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர். கிறிஸ்துமஸுக்கு அப்போது இரண்டு வாரமே இருந்தது. பெங்களூரு தெருக்களுக்கு முதன்முதலாக மின்வெளிச்சம் தந்ததும் அதே காவிரிதான் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. தமிழ்த் தெருக்களின் விளக்கு வரலாற்றை எழுதுகிறவர் எவரும் இந்த ஆண்டை விட்டுவிடக் கூடாது. வழிபாட்டு மொழி குறித்துத் தமிழ், கன்னடக் கத்தோலிக்கர்களிடையே நீண்ட காலம் இருந்த பூசலும் இதே தெருக்களில் நடந்ததுதான். ஆனாலும் பசிலிக்காவில் இன்று தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் திருப்பலி நடக்கிறது.

2000க்குப் பிறகு மாற்றம் விரைந்தது. இருபது ஸ்டாருக்கு இருபது ஜீரோ வாட் பல்பு என்றால் 300 வாட். அதே வேலையை எல்.இ.டி. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக முடித்துவிடுகிறது. முன்பெல்லாம் பெரும்பகுதி நீர்மின்சாரத்தையே நம்பியிருந்த கர்நாடகத்தில், மழை பொய்த்த ஆண்டுகளின் மின்வெட்டு அலங்காரத்தைச் சுருக்கிவிடும். இன்று அந்தத் தடை அதிகம் இல்லை. எஸ்.பி. ரோட்டிலும் சிக்பேட்டையிலும் சீனச் சரங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. மர உருளை செய்த வேலையை ஒரு சில்லு செய்கிறது. வணிகத் தெருக்களின் கடைக்காரர்களும் புறநகர் மால்களும் பெருஞ்செலவில் மரம் எழுப்புகிறார்கள். கண்ணுக்கு அழகு, குறையொன்றும் இல்லை. அங்கே பார்ப்பவர் வாடிக்கையாளர். சந்தில் பங்கின் சிறு குழுவான அன்பியத்தார் வீட்டுக்கு வீடு காசு வசூலித்து, இளைஞர்கள் ஏணி பிடித்து, குடில் போட்டிக்காகப் பாசியும் மணலும் தேடி அலைகிறார்கள். பார்க்கிறவரும் செய்கிறவரும் அங்கே ஒருவரே. ஆய்வு நோக்கில் எதற்கு முதலிடம் என்று கேட்டால், பதில் சந்துக்குத்தான்.

வணிகத் தெருவின் அலங்காரத்துக்குப் பத்திரிகைப் படங்கள் சான்றாக இருக்கின்றன. சந்துகளின் அலங்காரத்துக்குச் சான்று குடும்ப ஆல்பங்களிலும் பங்குக் கணக்கு நோட்டுகளிலும்தான். விளக்கு வாடகைக்கும் பல்பு வாங்கவும் எவ்வளவு ஆனது, யார் கட்டினார் என்ற வரிகள் அந்த நோட்டுகளில் கிடக்கும். பழைய தாள் என்று அவற்றை எடைக்குப் போடாமல் பங்குகள் காக்க வேண்டும். பரணில் உருளை வைத்திருக்கும் விளக்குக் கடைக்காரர்களிடம் அதன் செய்முறையைக் கேட்டுப் பதிவுசெய்ய ஆய்வு மாணவர்கள் முன்வர வேண்டும். சிவாஜிநகரிலோ தங்கவயலிலோ எடுத்த பழைய கிறிஸ்துமஸ் படம் உங்கள் வீட்டில் இருந்தால், தெருப்பெயரையும் ஆண்டையும் அதன் பின்புறம் இப்போதே எழுதிவையுங்கள்.