உலை கொதிக்க வேண்டுமே!

மதுரையைக் கூடல் மாநகர் என்பர். கோயில் மாநகர் என்பர். அந்நகருக்கு மற்றொரு முகமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகைவண்டி நிலையத்தருகே ஹார்வி கம்பெனியார் பஞ்சாலை எழுப்பினர். கோயில் மணி கேட்டு விழித்த ஊர், ஆலைச் சங்கு கேட்டும் விழிக்கலாயிற்று.

சங்கு ஊதும், கதவு திறக்கும், உழைத்த கைக்குக் கூலி கிடைக்கும். அந்தக் கை எந்திரத்தில் சிக்கினால்? உழைத்தவள் பிள்ளை பெற்றுப் படுத்தால்? கூலி நிற்கும், உலையும் நிற்கும். காரணம் கேட்டால், "தலைவிதி!" என்றனர் பெரியோர். இரக்கமுள்ளோர் அன்னதானம் செய்தனர். தானம் ஒரு வேளைப் பசியைத் தணித்தது. நாளைய பசிக்கு வழி சொல்லவில்லை.

விதியென்று விடாமல் கணக்கிட்டுப் பார்த்த நாடுகளும் இருந்தன. ஜெர்மனியில் 1883இல் நோய்க் காப்பீடும், 1884இல் விபத்துக் காப்பீடும் சட்டமாயின. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பேறுகாலத்துக்குப் பன்னிரண்டு வார ஓய்வும் உதவியும் வேண்டுமென்றது. இங்கோ, 1924இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் கொண்டுவந்த மகப்பேற்று மசோதா தோற்கடிக்கப்பட்டது! 1929இல் பம்பாய் மாகாணமும், பின்னர் 1934ஆம் ஆண்டின் சட்டத்தால் சென்னை மாகாணமும் அந்த உரிமையை ஏற்றன. உடலுறுப்பை இழந்த தொழிலாளிக்கு நட்டஈடு தரும் சட்டம் 1923இல் பிறந்தது.

ஆனால் இச்சட்டங்களில் ஒரு குறை இருந்தது. பணம் தர வேண்டியவர் அந்த ஒரு முதலாளியே. பிள்ளைப்பேற்றுக்குப் பணம் தரவேண்டுமெனில், பெண்ணையே வேலைக்கு வைக்காதிருப்பது அவருக்கு இலாபம்! பெண்ணைக் காக்க வந்த சட்டமே அவளை வாசலில் நிறுத்தும் விந்தை காணீர்!

இதற்கு மாற்றென்ன? எல்லா முதலாளிகளும் தொழிலாளரும் ஒரு பொது நிதிக்குப் பணம் செலுத்துவது. வீழ்ந்தவருக்கு அந்நிதி தருவது. அப்போது தனியொரு முதலாளிக்குத் தாய்மை சுமையாகாது. பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையிலிருந்து 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் எழுந்தது. 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கிற்று. 1955இல் கோவைக்கு வந்தது. மதுரைத் தத்தனேரியில் இன்று நிற்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை அந்த வரலாற்றின் கிளையே. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அடங்கிவிட்டது, திட்டம் தொடர்கிறது.

விதிகளை அறிவோம், தோழர்களே! 2019 ஜூலை முதல் ஊதியத்தில் தொழிலாளி செலுத்துவது நூற்றுக்கு முக்கால் பங்கு; முதலாளி செலுத்துவது மூன்றேகால் பங்கு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தியவருக்கு, நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 விழுக்காடு ஊதியம் உண்டு. மகப்பேற்றுக்கு முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் 70 நாட்களுக்குச் செலுத்தியவளுக்கு, முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரம் முழு ஊதியம் உண்டு. பணியில் காயமுற்றவருக்கோ நாட்கணக்கே இல்லை! வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கை முறிந்தாலும், குணமாகும்வரை 90 விழுக்காடு உண்டு. இவை பிச்சையல்ல, செலுத்திய பணத்துக்குரிய உரிமை.

78 என்ற எண்ணை அறியாதவனிடம், 77ஆம் நாளில் "நாளை முதல் வராதே" என்று சொல்வது எளிது. முதலாளி ஏட்டில் பெயரெழுதாமல் விட்டால், கேள்வி கேட்கத் தெரியாதவனே ஏமாறுவான். அறியாமை இங்கு ரூபாய்க் கணக்கில் இழப்பாகிறது.

இன்னொன்றும் எண்ணுக! தமிழக அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு மகப்பேற்று விடுப்பு. ஆலைப் பெண்ணுக்கு 26 வாரம். செல்லூரில் நாலைந்து பேரோடு தறி ஓட்டும் பெண்ணுக்கு? மேலூர் வயலில் நாற்று நடுபவளுக்கு? பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறையும், வயலும் பொதுவாக அந்தக் காப்பீட்டு வேலிக்கு வெளியே! 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டவழி வந்த நலவாரியங்களும், முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேற்று நிதியுதவியும் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. எனினும் உதவித் தொகை வேறு; இழந்த கூலிக்கு ஈடு வேறு.

பேறுகால நோவு ஒன்றே. ஓய்வு மட்டும் மூன்று தரமா? பிறப்பில் தாழ்வு உயர்வு கற்பித்ததை எதிர்த்த நாம், பிள்ளை பெறுவதிலும் தாழ்வு உயர்வு இருப்பதை ஏற்போமா?

இளைஞர்களே! உங்கள் தெருவில் உழைப்போரிடம் செல்லுங்கள். ஏட்டில் பெயருண்டா, சந்தா கட்டப்படுகிறதா, வாரியத்தில் பதிவுண்டா என்று கேளுங்கள். இல்லையெனில் எழுதிக் கொடுங்கள். அலுவலகம்வரை உடன் செல்லுங்கள். விதியை நொந்து அமர்ந்தவன் எழுவதற்கு, விதிமுறை அறிந்த ஒரு தோழன் போதும்!