90 டாலர் கடன்ல தொடங்கி கோடிக்கணக்கில் குவிந்த நன்கொடை... 'பாய்ஸ் டவுன்' குழந்தைகள் இல்லத்தின் கதை தெரியுமா?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹா நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது 'பாய்ஸ் டவுன்'. பெயரைப் போலவே சிறுவர்களுக்கான ஊர். ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் தொடங்கிய இந்த இல்லம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஒரு கட்டத்தில், "இவ்வளவு பணம் எதுக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. என்ன நடந்தது?

யார் இந்த ஃப்ளானகன்?

அயர்லாந்தில் 1886-ல் பிறந்தவர் எட்வர்ட் ஃப்ளானகன். 1912-ல் குருப்பட்டம் பெற்று ஒமாஹாவில் பணியாற்ற வந்தார். வேலையில்லாமல் தெருவில் திரிந்த ஆண்களுக்காக முதலில் ஒரு தங்கும் விடுதி நடத்தினார். அங்கே வந்தவர்களிடம் பேசிப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. பலரும் சின்ன வயசிலேயே குடும்பத்தை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள். 'வளர்ந்த பிறகு திருத்துறதைவிட, பிள்ளையா இருக்கும்போதே கைகொடுக்கணும்' என்று முடிவு செய்தார்.

கையில காசில்லை, கடன்தான்!

1917 டிசம்பர் 12-ம் தேதி, கடனாக வாங்கிய 90 டாலரை வாடகையாகக் கொடுத்து ஒரு பழைய வீட்டில் இல்லம் தொடங்கியது. முதலில் வந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய சிறுவர்கள்தான். ஆனால் கூட்டம் சீக்கிரமே சேர்ந்தது. இனம், மதம் பார்க்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்டார் ஃப்ளானகன். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தனித்தனியாக வாழ்ந்த அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

இடம் போதாததால் 1921-ல் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வாங்கப்பட்டது. 1936-ல் அதுவே சட்டப்படி தனி ஊரானது. சிறுவர்களே ஓட்டுப் போட்டு தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுப்பார்கள். பிறவியிலேயே கெட்ட பையன் என்று யாரும் இல்லை என்பதுதான் ஃப்ளானகனின் நம்பிக்கை.

ஹாலிவுட் கொடுத்த புகழ்

1938-ல் 'பாய்ஸ் டவுன்' என்ற பெயரிலேயே படம் வந்தது. ஃப்ளானகனாக நடித்த ஸ்பென்சர் டிரேசிக்கு சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. இல்லத்தின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

1946-ல் தாய்நாடான அயர்லாந்துக்குப் போன ஃப்ளானகன், அங்கே சிறுவர்களை அடைத்து வைத்திருந்த நிறுவனங்களையும், அங்கு தரப்பட்ட கடுமையான தண்டனைகளையும் வெளிப்படையாகக் கண்டித்தார். அன்றைய அரசு அதைக் காதில் வாங்கவில்லை. ஆனால், அத்தகைய இல்லங்களில் குழந்தைகள் பட்ட கொடுமைகளை 2009-ல் வெளியான விசாரணை ஆணைய அறிக்கை உறுதிப்படுத்தியது. அதைப் பார்க்க ஃப்ளானகன் இல்லை. 1948-ல் பெர்லின் சென்றிருந்தபோது காலமானார்.

கணக்கைத் தோண்டியது யார்?

ஃப்ளானகன் மறைந்த பிறகும் நன்கொடை கேட்கும் கடிதங்கள் நிற்கவில்லை. ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேற்பட்ட கடிதங்கள் போயின. 'ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்க' என்று கேட்டால் யார்தான் மறுப்பார்கள்?

1972-ல் 'ஒமாஹா சன்' என்ற சின்ன வாரப் பத்திரிகை இதைத் துருவியது. அதன் உரிமையாளர் யார் தெரியுமா? பின்னாளில் உலகப் பணக்காரர்களில் ஒருவரான வாரன் பஃபெட்தான்! வரித் துறையில் இல்லம் தாக்கல் செய்த கணக்கைப் பார்க்கச் சொன்னவரும் அவரே.

அப்போது இல்லத்தில் இருந்தவர்கள் 700 பேருக்கும் குறைவு. சேர்ந்திருந்த சொத்தோ சுமார் 20.9 கோடி டாலர். பணம் திருடு போகவில்லை, வங்கியிலும் முதலீட்டிலும் பத்திரமாக வளர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் வாழ்க்கை மட்டும் பழைய விடுதி முறையிலேயே இருந்தது. இந்தச் செய்திக்கு 1973-ல் புலிட்சர் விருது கிடைத்தது.

பிறகு என்ன மாறியது?

நிறைய மாறியது. பெரிய கூடங்களில் வரிசையாகக் கட்டில் போட்டுப் படுக்க வைக்கும் முறை கைவிடப்பட்டது. பயிற்சி பெற்ற ஒரு தம்பதி, அவர்களோடு ஒரு சில பிள்ளைகள் என்று வீடு போலவே வாழும் முறை வந்தது. காது கேளாமை, பேச்சுக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான மருத்துவ ஆய்வு மையம் 1977-ல் திறக்கப்பட்டது. 1979-ல் பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது என்ன?

குழந்தைகள் இல்லத்துக்கு உதவ நினைப்பவர்கள், எவ்வளவு பணம் சேருகிறது என்பதோடு நிற்கக் கூடாது. அது பிள்ளைகளுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்றும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது இல்லத்துக்கு எதிரான வேலை அல்ல. பாய்ஸ் டவுனில் பிள்ளைகளுக்கு வீடு போன்ற வாழ்க்கை கிடைத்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.